போடலாமா, வைக்கலாமா?

பழைய பேப்பர்க்காரர் திண்ணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பரணிலிருந்து இறக்கிய மூட்டையைப் பிரித்தார். தராசு பக்கத்திலேயே இருந்தது. ஆனாலும் அதை அவர் உடனே எடுக்கவில்லை. புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அட்டையைத் துடைத்து, என் பக்கம் நீட்டி, "இது போடலாமாம்மா, வைக்கணுமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். போடலாம் என்றால் இடது பக்கம், வைக்கணும் என்றால் வலது பக்கம். சிலவற்றுக்கு நான் பதில் சொல்லாமல் புரட்டிக்கொண்டே இருந்ததைப் பார்த்து, அவரே நடுவில் மூன்றாவதாக ஓர் அடுக்கு வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மூன்று அடுக்கோடுதானே எத்தனையோ வருஷம் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

தமிழ் விக்கிப்பீடியாவில் நிர்வாகியாக இருந்த காலத்தைச் சொல்கிறேன். நிர்வாகி என்றதும் உறவுக்காரர்கள் முதலில் கேட்டது "மாசம் எவ்வளவு தர்றாங்க?" என்றுதான். ஒரு பைசா கிடையாது என்று சொன்னதும் பேச்சு வேறு பக்கம் போய்விடும். என் சின்ன மாமியார் மட்டும், "அப்ப எதுக்குடி ராத்திரியெல்லாம் கண்ணைக் கெடுத்துக்கிற?" என்று விடாமல் கேட்பார். சம்பளத்துக்குப் பதிலாக எனக்குக் கிடைத்தவை முக்கியமாக மூன்று பொத்தான்கள். ஒரு பக்கத்தை நீக்கலாம். மற்றவர்கள் கைவைக்க முடியாதபடி பூட்டலாம். தொல்லை கொடுப்பவரைத் தடை செய்யலாம். கட்டுரையில் எது சரி, எது தவறு என்று சொல்வதில் நேற்றுக் கணக்குத் தொடங்கிய பள்ளிக்கூடப் பையனுக்கு இருக்கிற உரிமைதான் நிர்வாகிக்கும். வெளியே இதை யாரும் நம்புவதில்லை.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது தற்செயல். கும்பகோணத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகராக இருந்தேன். 2010-இல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. அதையொட்டித் தமிழக அரசும் தமிழ் விக்கிப்பீடியர்களும் சேர்ந்து கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி ஒன்று வைத்தார்கள். பிள்ளைகள் நூலகத்துக்கு வந்து, "மேடம், தமிழ்ல எப்படி டைப் பண்றது?" என்று கேட்க, அங்கிருந்த கணினிகளில் என்எச்எம் ரைட்டரை நிறுவிக் கொடுத்தேன். ஒரு பெண் பாதியில் விட்டுப்போன கட்டுரையில் ஓர் ஒற்றுப் பிழை கண்ணில் உறுத்தியது. 'தொகு' என்பதை அழுத்தித் திருத்தினேன். யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கையெழுத்து வாங்க வேண்டியிருக்கவில்லை. அரசு உதவி பெறும் கல்லூரியில் இருபது வருஷம் வேலை பார்த்தவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொன்னால் புரியாது.

அப்போது அங்கே ஆட்கள் குறைவு. யார் எந்த நேரத்துக்கு வருவார், எதைத் தொட்டால் யாருக்குக் கோபம் வரும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். 2003-இல் தொடங்கிய களம் அது. இலங்கையிலிருந்து போய் ஐக்கிய அரபு அமீரகத்தில் இருந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் அந்த முதல் ஆண்டிலிருந்தே ஒரு நாளும் சலிக்காமல் எழுதிக்கொண்டிருந்தார். பின்னால் அவருக்குக் கனடாவின் இலக்கியத் தோட்டம் இயல் விருது கொடுத்தது. ஏதாவது ஒரு கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து அடிவரை போனால் அவர் பெயர் நிற்பதைப் பார்த்துப் பழகிவிட்டோம். பேச்சுப் பக்கங்களில் சண்டை வந்தாலும் மரியாதை குறையாது. என் பயனர் பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. அதனால் பல வருஷம் நான் 'ஐயா'வாகவே இருந்தேன். திருத்தத் தோன்றவில்லை, திருத்தினால் பேச்சின் தொனி மாறிவிடும் என்று ஒரு எச்சரிக்கையும் இருந்தது.

நீக்கும் முறை அன்றைக்கு எளிமையானது. ஒரு பக்கம் இருக்கத் தகுதியில்லை என்று யாருக்குப் பட்டாலும் அதன் தலையில் நீக்கல் வார்ப்புரு என்ற ஆயத்த அறிவிப்பை இட்டு, பேச்சுப் பக்கத்தில் காரணம் எழுதலாம். மற்றவர்கள் வந்து ஆதரவு, எதிர்ப்பு என்று தங்கள் பங்குக்குச் சொல்வார்கள். பேச்சு ஓய்ந்த பிறகு, அதில் வாய் கொடுக்காத நிர்வாகி ஒருவர் எல்லாவற்றையும் படித்து முடித்து வைக்க வேண்டும். கருத்துச் சொல்ல எத்தனை பேர் வேண்டுமானாலும் வருவார்கள். முடித்து வைக்கத்தான் ஆள் கிடைக்காது. முடித்து வைப்பவர் பேரில்தான் கோபம் முழுக்க வந்து விடியும். நான் அதில் போய் மாட்டிக்கொண்டதற்குக் காரணம், நடந்து முடிந்த விஷயத்தைக் கோப்பில் எழுதி மூடாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. நூலகப் புத்தி.

பெரும்பாலானவற்றுக்குப் பேச்சே தேவைப்படாது. 'நான் பத்தாம் வகுப்பு பி பிரிவு' என்று ஒரே வரி இருக்கும். ஒரு பெண்ணின் பெயர் பக்கம் முழுக்க இருக்கும். நாளிதழ்ச் செய்தியை 'நமது நிருபர்' என்பது உட்பட அப்படியே வெட்டி ஒட்டியிருப்பார்கள். இன்னும் வெளிவராத படத்துக்கு 'மாபெரும் வெற்றி பெற்றது' என்று எழுதியிருப்பார்கள். நெத்திலிக் குழம்பு செய்முறை ஒன்று வந்தது. அதற்கு இடம் விக்கிநூல்கள் என்று சொல்லி நகர்த்துவதற்கு முன் வீட்டில் ஒருமுறை வைத்துப் பார்த்தேன். புளி அதிகம்.

நீக்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்றை எனக்கு மூத்த நிர்வாகி ஒருவர் ஆரம்பத்திலேயே சொல்லிக் கொடுத்தார். நீக்கல் பெட்டியில் காரணம் எழுதும் இடத்தில், அந்தப் பக்கத்தின் முதல் சில சொற்களை மென்பொருள் தானாகவே கொண்டுவந்து நிரப்பிவிடும். அவசரத்தில் அப்படியே விட்டு அழுத்தினால், யாரோ ஒருத்தியைப் பற்றி யாரோ எழுதிய அசிங்கம், பக்கம் போன பிறகும் நீக்கல் பதிகையில் எல்லோரும் பார்க்க நிலைத்து நிற்கும். "முதல்ல அந்தப் பெட்டியைக் காலி பண்ணுங்க, அப்புறம் மத்தது" என்றார். பிறகு வந்த புது நிர்வாகிகள் எல்லோருக்கும் நான் சொன்ன முதல் பாடமும் இதுதான்.

கல்லூரி நூலகத்தில் ஒரு புத்தகத்தைக் கழிப்பது என்றால் சாதாரணம் இல்லை. செல்லரித்து, நடுப்பக்கம் காணாமல் போய், அட்டை தனியாகத் தொங்கினாலும், பட்டியல் போட்டு, குழு கூடி, முதல்வர் கையெழுத்திட்டு, பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே சிவப்பு மையில் குறித்த பிறகுதான் வெளியே போகும். அதற்குள் ஒரு வருஷம் ஓடிவிடும். தணிக்கைக்காரர் வந்து அந்தச் சிவப்புக் குறிப்பைத்தான் முதலில் தேடுவார். இங்கேயோ ஒரே அழுத்து. அதுதான் எனக்குப் பயம். அதனால் நான் மெதுவான நிர்வாகி என்று பெயர் வாங்கினேன். துப்புரவில் வேகமாக இருந்த இளைஞர்களுக்கு என்னோடு பொறுமை போய்விடும். 'அம்மா தூங்கிட்டீங்களா?' என்று பின்னால் ஒருவன் கேட்டே விட்டான். அதற்குள் ஐயா அம்மாவாகியிருந்தேன். அந்தக் கதைக்கு வருகிறேன்.

முடித்து வைப்பது எப்படி என்று பழக, ஆங்கில விக்கிப்பீடியாவின் நீக்கல் உரையாடல்களை உட்கார்ந்து படித்தேன். அங்கே அது பெரிய நீதிமன்ற வளாகம். தினமும் பல பத்துப் பக்கங்கள் விசாரணைக்கு வரும். முதலில் அதற்குப் பெயர் நீக்கலுக்கான வாக்குகள் என்றுதான் இருந்தது. எண்ணிப் பார்த்து முடிவு சொல்கிற இடம் இல்லை இது என்பதால் 2005-இல் பெயரிலிருந்து வாக்கை எடுத்துவிட்டார்கள். முன்பு ஐந்து நாள் விவாதம். 2009-இல் அதை ஏழு நாளாக்கினார்கள். போதிய பேர் வரவில்லை என்றால் இன்னொரு வாரம் நீட்டிப்பு. நீக்கு, வை என்பதோடு தீர்ப்பு முடிந்துவிடாது. இன்னொரு கட்டுரையோடு சேர், வேறு தலைப்புக்கு வழிமாற்று ஆக்கு, வரைவாகத் திருப்பி அனுப்பு என்று பல வழி உண்டு. இணக்க முடிவு ஏற்படவில்லை என்றால் பொதுவாகப் பக்கம் பிழைத்துக்கொள்ளும். முடிந்த உரையாடலை ஒரு வண்ணப் பெட்டிக்குள் அடைத்து, இதில் இனி யாரும் எழுதக் கூடாது என்று மேலே போட்டுவிடுவார்கள். அதற்கும் மேல்முறையீடு உண்டு.

படித்ததில் எனக்கு மிகவும் பிடித்தது கேப் டவுன் கறிக்கடை வழக்கு. விக்கிப்பீடியாவை நிறுவியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸ் 2007-இல் தென்னாப்பிரிக்கா போனபோது, குகுலெத்து என்ற பகுதியில் இருந்த 'ம்சோலிஸ்' என்ற கடையைப் பற்றி ஒரு குறுங்கட்டுரை தொடங்கினார். இறைச்சிக் கடையும் அதுதான், உணவகமும் அதுதான். சிறிது நேரத்தில் ஒரு நிர்வாகி அதை விரைவு நீக்கலில் தூக்கிவிட்டார். எழுதியவர் யார் என்று பார்த்துக் கை நடுங்கவில்லை. பிறகு பெரிய விவாதம் நடந்து, சான்றுகள் சேர்ந்து, கட்டுரை நிலைத்தது. நிறுவனர் எழுதினார் என்பதற்காக வைக்க வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள், அதற்காகவே கூடுதல் கண்டிப்பு வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள். எங்கள் கல்லூரித் தாளாளர் எழுதிய கவிதைத் தொகுப்பைக் கழிவுப் பட்டியலில் சேர்க்க எனக்கு இருந்த தைரியம் நினைவுக்கு வந்தது. அதாவது, இல்லாத தைரியம்.

நான் அம்மாவான அந்தத் தலைமையாசிரியர் கதைக்கு வருகிறேன். டெல்டாவில் ஒரு கிராமம். ஓராசிரியர் பள்ளியாக இருந்ததை உயர்நிலைப் பள்ளி வரை கொண்டுவந்த தலைமையாசிரியர் ஒருவரைப் பற்றி, அவருடைய பழைய மாணவர் எழுதியிருந்தார். சைக்கிளில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை வரப்பிலிருந்து கூட்டிவந்தது, மழைக்காலத்தில் மதகைத் தாண்டத் தோளில் தூக்கிப்போனது என்றெல்லாம். படித்தால் கண் கலங்கும். சான்று என்று ஒன்று கிடையாது. நீக்கல் வார்ப்புரு விழுந்தது. 'இவரைப் போல ஊருக்கு ஒருவர் உண்டு' என்று ஒருவர் எழுதினார். 'அப்படியானால் ஊருக்கு ஒரு கட்டுரை இருக்கட்டுமே' என்று இன்னொருவர். இரண்டுமே நல்ல வாக்கியங்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கலைக்களஞ்சியத்தில் ஒருவருக்குத் தனிப் பக்கம் வேண்டுமானால், அவரோடு உறவோ நட்போ இல்லாத யாராவது அவரைப் பற்றி எங்காவது எழுதி வெளியிட்டிருக்க வேண்டும். நல்லவர் என்பது போதாது. கெட்டவர் என்றாலும் தடையில்லை, செய்தி வந்திருந்தால் சரி. இந்த விதியில் ஒரு கொடுமை இருக்கிறது. எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதை விட்டால் பிடித்துக்கொள்ள வேறு கொம்பும் இல்லை.

நீக்கலாம் என்றே முடித்தேன். ஆனால் முடிவுரையை எழுத இரண்டு மாலை ஆயிற்று. அதற்குள் நான் ஒன்று கற்றிருந்தேன்: முடிவுரையை ஜெயித்தவர் படிக்கவே மாட்டார். தோற்றவர்தான் வரி வரியாகப் படிப்பார். அவருக்காகத்தான் எழுத வேண்டும். 'உரையாடலில் சொல்லப்பட்டவை எவையும் அன்னாரின் பணியைக் குறைத்து மதிப்பிடுவன அல்ல. அவரோடு தொடர்பில்லாத ஒருவர் எழுதிய நூலோ இதழ்ச் செய்தியோ கிடைக்கும்போது பக்கத்தை மீட்டுக்கொள்ளலாம். மீட்க நானே முன்நிற்கிறேன்' என்கிற மாதிரி எழுதினேன். வழக்கமாகக் கட்டுரையோடு பேச்சுப் பக்கமும் போய்விடும். நான் பேச்சுப் பக்கத்தை மட்டும் விட்டுவைப்பேன். ஏன் எடுத்தோம் என்கிற காரணம் எடுத்ததோடு சேர்ந்து போய்விட்டால், அடுத்த வருஷம் அதே சண்டையை முதலிலிருந்து போட வேண்டும்.

எழுதியவர் மின்னஞ்சல் அனுப்பி எண் கேட்டு வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார்.

"ஐயா இருக்காங்களா?"

"நான்தாங்க பேசறேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அம்மாங்களா... நீங்கதான் எங்க சாரை அழிச்சதா?"

"அழிக்கலைங்க. எடுத்து வச்சிருக்கு."

"எடுத்து வச்சிருக்குன்னா, எங்க?"

அதுதான் கேள்வி. நீக்கிய பக்கம் நிஜமாக எங்கும் போவதில்லை. தரவுத்தளத்தில் முன்பு இருந்தபடியே இருக்கும். வாசகர் கண்ணுக்குத்தான் தெரியாது. நிர்வாகிகள் திறந்து பார்க்கலாம், ஓர் அழுத்தில் மீட்கலாம். முழுப் பக்கத்தையும் அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவைத்தேன். அவர் பள்ளியின் பொன்விழா மலரைக் கூரியரில் அனுப்பினார். மலர் பள்ளிக்கூடமே வெளியிட்டது, அதைத் தனிச் சான்றாக எடுக்க முடியாது. ஆனால் அதற்குள் ஒரு நாளிதழ் நறுக்கு ஒட்டியிருந்தது. புதுக் கட்டடத்துக்குத் தலைமையாசிரியர் பெயரை வைத்த செய்தி. அது போதும், ஊரைப் பற்றிய கட்டுரையில் கல்வி என்ற தலைப்பின்கீழ் மூன்று வரி வைக்க. அந்த மூன்று வரியையும் அவரையே எழுதச் சொன்னேன். பிறகு அவர் நிறுத்தவே இல்லை. வாய்க்கால், மதகு, ஐயனார் கோயில், ரயில் நிற்காமல் போன ஸ்டேஷன் என்று பக்கத்து ஊர்களையெல்லாம் சான்றோடு எழுதித் தள்ளினார். அவர் மூலமாகத்தான் நான் 'அம்மா' என்பதும் பரவியது.

எல்லாம் இப்படி இனிமையாக முடியவில்லை. சாதிப் பெருமைப் பக்கங்கள் வரும். ஒரு பக்கத்துக்கு நீக்கல் முன்மொழிவு வந்த அன்று மாலை, அதுவரை ஒரு திருத்தம்கூடச் செய்யாத புதுக் கணக்குகள் வரிசையாக வந்து, ஒரே மாதிரி எழுத்துப் பிழையோடு 'எதிர்ப்பு' என்று எழுதிவிட்டுப் போயின. ஃபேஸ்புக்கில் எங்கோ அழைப்பு விட்டிருக்கிறார்கள். ஒருவரே பல பெயரில் திறந்த கைப்பாவைக் கணக்குகளும் கலந்திருக்கலாம். எண்ணிக்கையில் அவர்கள்தான் பெரும்பான்மை. எண்ணவில்லை. அத்தனை பேரில் ஒருவர் மட்டும் ஒரு கல்வெட்டுத் தொகுதியைப் பெயர் சொல்லிச் சுட்டியிருந்தார். அந்த ஒன்றைப் போய்ப் பார்த்தேன். அதில் அந்தப் பட்டப்பெயர் இருந்தது, அவர் சொன்ன பொருளில் இல்லை. உள்ள செய்தியை ஏற்கெனவே இருந்த கட்டுரையில் சேர்த்து, தலைப்பை வழிமாற்றாக்கி முடித்தேன். ஒரு மாதம் வரை என் பயனர் பேச்சுப் பக்கத்தில் எனக்கு என்ன சாதி என்று ஆராய்ச்சி நடந்தது. ஆளுக்கு ஒன்றாக ஐந்தாறு சாதியைச் சொன்னார்கள். எதுவும் பொருந்தவில்லை.

பேரே கேள்விப்படாத குறுநில மன்னர் ஒருவர் ஒருமுறை வந்தார். கட்டுரை அழகாக இருந்தது. போர், சமாதானம், ஏரி வெட்டியது, கடைசியில் துரோகம். அடியில் மேற்கோள்கள் வரிசையாக இருந்தன. 'இவ்வளவு சான்று உள்ளதை நீக்குவதா?' என்று எல்லோரும் எதிர்த்தார்கள். மேற்கோளில் சொன்ன நூல்களில் ஒன்று எங்கள் நூலகத்திலேயே இருந்தது. மறுநாள் காலை கதவைத் திறந்ததும் அலமாரிக்குப் போய் எடுத்தேன். மேற்கோளில் காட்டியிருந்த பக்க எண்ணுக்கு வெகு முன்பே அந்த நூல் முடிந்துவிட்டது. கட்டுரை எழுதியவர் அதற்குப் பிறகு வரவில்லை.

இது ஒன்றும் நம்மிடம் மட்டும் நடப்பதில்லை. கோவாவில் 1640-களில் போர்த்துக்கீசியர்களுக்கும் மராத்தியர்களுக்கும் நடந்ததாக 'பிச்சோலிம் போர்' என்று ஒரு கட்டுரை ஆங்கிலத்தில் 2007-இல் வந்தது. நல்ல கட்டுரை என்ற தரச் சான்றுகூட அதற்குக் கிடைத்தது. ஐந்து வருஷத்துக்கும் மேலாக இருந்தது. மேற்கோள் நூல்களை ஒருவர் தேடிப் பார்த்து, அப்படி எதுவும் இல்லை என்று கண்டுபிடித்த பிறகு 2012 முடிவில் நீக்கினார்கள். அந்தப் போர் நடக்கவே இல்லை. தரம் பார்த்தவர்கள் நடையைப் பார்த்திருக்கிறார்கள், அமைப்பைப் பார்த்திருக்கிறார்கள். நூலை எடுத்துப் புரட்டவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. ஆய்வேடுகளின் பின்பக்க நூற்பட்டியலை வைத்துக்கொண்டு எங்கள் நூலகத்தில் யாரும் ஒரு நூலையாவது கேட்டு வந்ததில்லை.

எனக்கு மறக்காத உரையாடல், ஈழத்துச் சிற்றிதழ் ஆசிரியர் ஒருவரைப் பற்றியது. ஓரிரண்டு பத்தி. முன்மொழிந்தவர் தமிழ்நாட்டு இளைஞர், கெட்ட எண்ணம் இல்லாதவர். 'இணையத்தில் தேடியும் ஒரு தகவலும் இல்லை' என்று எழுதினார். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், 'எங்கட புத்தகங்கள் எங்க போனதெண்டு உங்களுக்குத் தெரியாதோ? இணையத்தில் இல்லையெண்டால் ஆளே இல்லையோ?' என்று கேட்டார். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்கள் போயின. அதில் ஓலைச்சுவடிகளும் ஒற்றைப் படியாக இருந்த நூல்களும் அடக்கம். நூலகத்தில் வேலை பார்ப்பவளுக்கு அந்த எண்ணை வெறும் எண்ணாகப் படிக்க முடிவதில்லை. கழிவுப் பட்டியல் இல்லை, குழு இல்லை, சிவப்பு மை இல்லை. ஓர் இரவு.

கோபம் ஏறிக்கொண்டே போனது. இரண்டு பக்கமும் என்னை முடித்து வைக்கச் சொல்லிக் கேட்டார்கள். நான் அசையவில்லை. கனடாவில் இருப்பவர்கள் வேலை முடிந்து வந்து கணினியைத் திறக்கும்போது நமக்கு விடியற்காலை. நாம் ராத்திரி பதினோரு மணிக்கு முடித்து வைத்தால் டொராண்டோக்காரர்களுக்குப் பேசவே இடம் கிடைக்காது. அப்படிப் பொறுத்திருந்ததில்தான் அங்கிருந்து ஒருவர் வந்தார். சண்டையைக் கண்டுகொள்ளாமல், நூலகம் திட்டத்திலிருந்து இணைப்புகளை ஒவ்வொன்றாக இட்டார். 2005-இல் தொடங்கி ஈழத்து நூல்களையும் இதழ்களையும் நாளிதழ்களையும் மின்வருடி இணையத்தில் ஏற்றி வைத்துக்கொண்டிருக்கிற தன்னார்வலர்களின் வேலை அது. அந்தச் சிற்றிதழின் இதழ்கள் இருந்தன. வேறு இருவர் அவரைப் பற்றி எழுதிய கட்டுரைகள் இருந்தன. எல்லாம் படக் கோப்புகளாக இருந்ததால் தேடுபொறிக்கு அகப்படவில்லை. முன்மொழிந்த இளைஞர் அத்தனையையும் படித்துவிட்டு, முன்மொழிவைத் தாமே திரும்பப் பெற்றார். அதோடு நிற்காமல் கட்டுரையை நாலு மடங்காக விரித்து எழுதினார். யாழ்ப்பாணத்துக்காரர் அதன்கீழ் 'விருப்பம்' இட்டார். நான் எழுத வேண்டியிருந்தது 'வைத்துக்கொள்ளப்படுகிறது' என்ற ஒரு சொல்தான்.

சான்று இல்லை என்று ஆளைத் தவறவிடுவது ஆங்கிலத்திலும் நடந்தது. டோனா ஸ்ட்ரிக்லண்டுக்கு 2018 அக்டோபரில் இயற்பியல் நோபல் அறிவித்தபோது, அவருக்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் பக்கம் இல்லை என்று உலகமே பேசியது. சில மாதங்களுக்கு முன்பு, மே மாதம், அவரைப் பற்றி வந்த வரைவைப் போதிய சான்று இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். அடுத்த ஆண்டு கிளாரிஸ் ஃபெல்ப்ஸ் விவகாரம். 117-ஆம் தனிமத்தைக் கண்டறிந்த குழுவில் பணியாற்றிய கறுப்பினப் பெண் வேதியியலாளர் அவர். பக்கம் நீக்கப்பட்டு, பெரும் வாதத்துக்குப் பிறகு 2020-இல் மீண்டது. அந்த நாட்களில் எங்கள் பொதுப் பேச்சிடமான ஆலமரத்தடியிலும் இதைப் பற்றிப் பேச்சு ஓடியது. விதியைத் தளர்த்த வேண்டும் என்றார் ஒருவர். தளர்த்தினால் நாளைக்கே நூறு வார்டு கவுன்சிலர்கள் வந்து நிற்பார்கள் என்றார் இன்னொருவர். இரண்டும் உண்மை என்பதுதான் அதில் இருக்கிற வேதனை. முடித்து வைக்கிறவர் கையில் தளர்த்துவதற்கு விதி இல்லை, நேரம் மட்டும்தான் இருக்கிறது என்று அன்று எழுதினேன். அதையே இப்போதும் சொல்வேன்.

இப்போது பழக்கங்கள் எவ்வளவோ மாறிவிட்டன. முன்பு புதிதாக ஒருவர் வந்தால் யாராவது கைப்பட வரவேற்பு எழுதுவோம். ஊரைக் கேட்போம், எதில் ஆர்வம் என்று கேட்போம். இப்போது வார்ப்புரு போய் விழுந்துவிடுகிறது. 2017-இல் பள்ளி ஆசிரியர்களுக்கு மாவட்டந்தோறும் பயிற்சி நடந்தபோது கட்டுரைகள் வெள்ளமாக வந்து குவிந்தன. அந்த ஆண்டுதான் ஒரு லட்சத்தைத் தாண்டினோம். அதைக் கொண்டாடிய கையோடு துப்புரவிலும் இறங்கினோம். அப்புறம் கைபேசி வந்து, மொழிபெயர்ப்புக் கருவி வந்து, இப்போது இயந்திரமே எழுதிக் கொடுக்கிறது. குறுநில மன்னருக்குக் கதை கட்ட அன்று ஒருவர் உட்கார்ந்து மெனக்கெட்டார். இன்று அந்த மெனக்கெடலும் வேண்டாம். மேற்கோள் நூல், பதிப்பகம், பக்க எண் எல்லாம் நொடியில் வந்துவிடுகின்றன. ஆளே படித்துப் பார்க்காமல் இறக்கிய அத்தகைய பக்கங்களை விவாதம் இல்லாமலே விரைந்து நீக்கலாம் என்று ஆங்கிலத்தில் 2025-இல் விதி கொண்டுவந்துவிட்டார்கள்.

கண் புரை அறுவைக்குப் பிறகு நான் நிர்வாகி அணுக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான். இப்போது மற்றவர்களைப் போலக் கருத்து மட்டும் சொல்கிறேன். இத்தனை வருஷம் வாய் திறக்காமல் படித்துக்கொண்டே இருந்ததற்கு வட்டியும் முதலுமாகச் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் ஒரு யூடியூப் சமையல்காரரின் பக்கத்துக்கு நீக்கல் முன்மொழிவு வந்தது. அவருக்குப் பார்வையாளர்கள் லட்சக்கணக்கில். எழுத்தில் வந்த சான்றோ இரண்டு பேட்டிகள், இரண்டும் அவரே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டவை. நான் நீட்டி நெளித்து எழுதி, நீக்க ஆதரவு என்று போட்டேன். முடித்து வைத்தவள் மட்டக்களப்பைச் சேர்ந்த இளம் நிர்வாகி. அவளுக்கு நீக்கல் பெட்டியைக் காலி செய்யச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். ஏழு நாளும் முழுசாகக் காத்திருந்து, கனடாக்காரர்களுக்காக இன்னொரு நாளும் விட்டு, ஆறு வரியில் அருமையாக முடிவுரை எழுதியிருந்தாள். என் வாதத்தைப் பெயர் சொல்லாமல் எடுத்துச் சொல்லி, அதற்கு எதிரே இருந்ததையும் அதே எடையில் சொல்லி, இணக்க முடிவு ஏற்படவில்லை, பக்கம் இருக்கட்டும் என்று மூடிவிட்டாள்.

இரவு அவளே கூப்பிட்டாள். "அம்மா, கோவமோ?"

"முடிவுரை நல்லா இருந்துச்சும்மா. முடிவுதான் சரியில்ல."

"அப்ப மேல்முறையீட்டுக்குப் போங்கோவன்."

போகமாட்டேன். ஆறு மாதம் கழித்துத் திரும்ப முன்மொழியலாம். அந்த இரண்டு பேட்டியையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன்.